இரவுப் போத்தலும் தாயின் நித்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற வாரம் தங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில், பிள்ளை பெற்ற தாய்மாருக்கான குறிப்புகளுக்கிடையே, இரவில் ஒரு தடவை பால்மாவைக் கரைத்துப் போத்தலில் கொடுத்துவிட்டால் தாய் நிம்மதியாக உறங்கலாம், மனச்சோர்வும் அவளை அண்டாது என்ற கருத்துப்பட ஒரு வரி வெளிவந்திருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். அதே நல்லெண்ணத்தோடு அதே காரியத்தை என் வீட்டில் செய்து, அதன் பலனை ஐந்து கிழமை கண்ணால் கண்டவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் விசுவமடுப் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்ற ஆண்டு என் மகளுக்கு முதற்பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம், பிள்ளையின் நிறையிலும் குறையில்லை. வீட்டுக்கு வந்த நாள் முதல் பிள்ளை பகலில் உறங்குவதும் இரவில் அழுவதுமாக இருந்தது. "பால் காணாதாக்கும்" என்றார் சம்பந்தியம்மா. அடுத்த வளவுக்காரியும் அதையே சொன்னார். பிள்ளை எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறது, நிறை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த நானும் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டேன். எட்டாம் நாள் இரவு தொடக்கம் எங்கள் வீட்டில் போத்தல் வந்தது. மகள் உறங்கட்டும், இரவுப் பாலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதே என் எண்ணம்.

அந்த இரவுகளில் உண்மையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறிப்பு எழுதியவருக்கு நடுச்சாமத்துக் குசினி நினைவில் இருந்திருக்காது. இரண்டு மணியளவில் பிள்ளை சிணுங்கும். நான் எழும்பிக் குசினி விளக்கைப் போடுவேன். சுடுதண்ணிப் போத்தலில் தண்ணீர் வெதுவெதுப்புக்கு வந்திருக்கும். கேத்திலை வைக்க வேண்டும். மின்சாரம் நின்றிருந்தால் விறகடுப்பை மூட்ட வேண்டும். சூப்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பால்மாவை மட்டக் கரண்டியில் எண்ணிப் போட்டு, கரைத்து, ஆற்றி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொண்டுபோகும்போது சிணுங்கல் வீரிட்ட அழுகையாக மாறியிருக்கும். அழுகை கேட்ட மாத்திரத்தில் மகளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்திருக்கும். கொடுக்காத பால் நெஞ்சில் கட்டி, கல்லாகி, அதன் நோவோடு அவள் எழும்பி உட்கார்ந்திருப்பாள். பிள்ளை குடித்து முடிய மூன்று மணி. பிள்ளை உறங்கும். கிழவி நானும் உறங்கிவிடுவேன். யாருக்காக இவ்வளவும் செய்தோமோ அவள் மட்டும் விழித்திருந்தாள்.

மூன்று கிழமையில் அவளுக்குப் பால் உண்மையாகவே குறைந்தது. இது யாரும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்னும் ஓமோன் இரவில்தான் உடலில் கூடுதலாக இருக்கிறது. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் மார்பு மறுபடியும் பாலை உண்டாக்குகிறது. முதல் மாதத்தில் இரவுப் பாலைத் தொடர்ந்து நிறுத்தினால் பகற்பாலும் வற்றத் தொடங்கும். பால் காணாது என்று பயந்து போத்தலை எடுத்தோம். போத்தல் வந்த பிறகு பால் காணாமற் போனது. "நான் ஒரு தாயே இல்லை அம்மா" என்று அவள் முதல்தடவை சொன்னது அந்த நாட்களில்தான்.

பிற்பாடு இதைப்பற்றி வாசித்தபோது, ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதையே கண்டிருப்பதை அறிந்தேன். அமெரிக்க உளவியலாளர் கத்லீன் கெண்டல்-டாக்கெட்டும் அவருடைய இரு சகாக்களும் 59 நாடுகளைச் சேர்ந்த 6,410 தாய்மாரிடம் கேட்டறிந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பாலை மட்டும் கொடுத்தவர்களே கூடுதலான நேரம் உறங்கியதாகவும், மனச்சோர்வின் அறிகுறிகள் அவர்களிடமே குறைவாக இருந்ததாகவும் தெரியவந்தது. இதில் எனக்குச் சுருக்கென்று பட்ட முடிவு வேறொன்று. தாய்ப்பாலும் பால்மாவும் கலந்து கொடுத்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படியில்லை. அவர்களுடைய நிலை பால்மா மட்டும் கொடுத்தவர்களின் நிலையிலிருந்து வேறுபடவில்லை. பாதிப் போத்தல் பாதி நித்திரையைக்கூடக் கொடுக்கவில்லை. கலிபோர்னியாவில் தாய் தந்தையர் 133 பேரின் கைமணிக்கட்டில் கருவியைக் கட்டி உறக்கத்தை அளந்து 2007இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், இரவில் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளின் பெற்றோர் மற்றவர்களைவிட 40 முதல் 45 நிமிடம் கூடுதலாக உறங்கியிருந்தார்கள். உறக்கத்தின் ஆழத்திலும் வேறுபாடு உண்டென்று அவுஸ்திரேலியாவில் 2002இல் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது: பாலூட்டும் தாய்மாருக்கு ஆழ்ந்த நித்திரை சராசரி 182 நிமிடம், போத்தல் கொடுத்தவர்களுக்கு 63 நிமிடம். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவற்றை வைத்துத் தாய்ப்பால் மனச்சோர்வுக்கு மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே மனம் சோர்ந்த தாய் பாலூட்டுவதை நேரத்தோடு நிறுத்திவிடுவதும் உண்டு. அப்போது எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவது கடினம். நான் சொல்ல வருவது இதைவிடச் சிறியது. இரவுப் பாலை நிறுத்துவது தாய்க்கு நித்திரையைக் கொடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொடுக்காது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் விடயம் வெளிப்பட்டதற்குக் காரணம், எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் எல்லோரும் "மிட்வைஃப் மிஸ்" என்று கூப்பிடுகிறவர். பிறந்து ஐந்தாறு கிழமை இருக்கும். பிள்ளையை நிறுத்துப் பார்த்து, அட்டையில் குறித்துவிட்டுப் புறப்படப் போனவர், திண்ணையில் நின்று மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகள் ஏணைக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஏணையில் இல்லை. என் தோளில் கிடந்தது. மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து, பக்கத்தில் குந்தி இருந்து கேட்டார்: "தங்கச்சி, பிள்ளை நித்திரை கொள்ளேக்க நீங்களும் நித்திரை கொள்ளுறீங்களோ?"

மகள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு அழத் தொடங்கினாள். ஐந்து கிழமையாக அதே வீட்டில் அவளுக்குப் பத்தியக்கறி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்த நான் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டிருக்கவில்லை.

பிள்ளை விடாததால் உறங்க முடியாமல் இருப்பதும், பிள்ளை உறங்கிய பின்னும் உறக்கம் வராமல் இருப்பதும் ஒன்றல்ல. முன்னது எல்லாத் தாய்மாருக்கும் உரியது; பின்னது மனச்சோர்வு வாசலில் நிற்பதற்கான அடையாளம். பிள்ளை பெற்ற தாய்மாரின் மனநிலையை அறிவதற்காக 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்டு இன்று உலகெங்கும் வழங்கும் பத்துக் கேள்விகளில் ஒன்று இதைத்தான் குறிவைக்கிறது. உறக்கம் குறைவா என்று அது கேட்பதில்லை. மனம் நொந்ததனால் உறங்க முடியாமல் போனதா என்றே கேட்கிறது. பேறு நடந்து மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் கண் கலங்குவது பெரும்பாலான பெண்களுக்கு வருவதுதான், இரண்டு கிழமைக்குள் அது தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் நீண்டு, எதிலும் பிடிப்பற்று, பிள்ளையைப் பார்த்தாலும் மனம் அசையாமல், தன்னைத் தானே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தால் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, பிள்ளை பெற்ற பெண்களில் 13 சதவீதமானோருக்கு உளநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகிறது. வளர்முக நாடுகளில் அது 19.8 சதவீதம். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீதியை அந்தக் கணக்கோடு ஒருமுறை நடந்து பார்த்தேன், மனதுக்குள்.

மகளை மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் சென்றோம். போவதற்கு முன் உறவினர் ஒருவர், நாவூறு கழித்து நூல் கட்டினால் சரியாகிவிடும், ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் கெடும் என்றார். நூலையும் கட்டினோம், பஸ்சையும் பிடித்தோம். மருந்து எடுத்தால் பால் கொடுக்க முடியாதே என்பதுதான் மகளின் பெரிய பயமாக இருந்தது. மனச்சோர்வுக்கான மருந்துகளில் செர்ட்ரலின் போன்றவை தாய்ப்பாலுக்குள் மிகச் சிறிய அளவிலேயே போகின்றன என்றும், வைத்தியரின் கண்காணிப்பில் அதை எடுத்துக்கொண்டே பாலூட்டலாம் என்றும் வைத்தியர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இந்த ஒரு செய்தி தெரியாததால் மருந்தைக் கைவிட்டவர்களும், பாலைக் கைவிட்டவர்களும் எத்தனை பேரோ.

அதன்பிறகு இரவை வேறுவிதமாக ஒழுங்குசெய்தோம். பிள்ளை சிணுங்கத் தொடங்கும்போதே, வீரிட்டு அழுமுன், நான் தூக்கிக்கொண்டு போய் மகளருகே கிடத்துவேன். விளக்குப் போடுவதில்லை, முற்றத்து வெளிச்சம் போதும். அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுப்பாள். குடித்து முடிந்ததும் நான் எடுத்து, தோளில் போட்டு ஏவறை வரப்பண்ணி, துணி மாற்றி, நுளம்பு வலைக்குள் கிடத்திவிடுவேன். முழுதாக விழிக்காமலே அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். முன்னிரவில் மட்டும், ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை, அவளைத் தொடாமல் விடும்படி வைத்தியர் சொல்லியிருந்தார்; மனச்சோர்வு உள்ளவருக்கு இடையறாத நான்கைந்து மணி நேர உறக்கமும் வைத்தியத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்காக அவள் மாலையில் பீய்ச்சி வைக்கும் பாலை மருமகன் கிண்ணத்தால் பருக்குவார். உழவு மெஷின் பிடித்த கை அந்தச் சின்னக் கிண்ணத்தை ஏந்தியபோது நடுங்கியது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. பீய்ச்சிய பாலை எங்கள் வெக்கையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். பிள்ளையோடு ஒரே பாயில் உறங்குகிறவர்கள் தலையணைகளை அகற்றிவிட வேண்டும். புகைப்பவரும் குடித்திருப்பவரும் அந்தப் பாயில் படுக்கவே கூடாது.

பால் திரும்ப வந்தது. ஆனால் முழுமையாக வரவில்லை. பகலில் ஒருவேளைப் பால்மா நான்காம் மாதம் வரை தொடர்ந்தது. மகள் தானாகச் சிரித்ததைப் பார்க்க மூன்று மாதம் எடுத்தது.

இவ்விடத்தில் 1996ஆம் ஆண்டை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அந்த ஆடி மாதம் தொடங்கிய இராணுவ நடவடிக்கையால் கிளிநொச்சி நகரமே பெயர்ந்தபோது நான் நிறைமாதம். அக்கராயன் பக்கத்தில், காட்டோரத்துக் கிடுகுக் கொட்டில் ஒன்றில்தான் இதே மகளோடு என் துடக்கு நாட்கள் கழிந்தன. பொருளாதாரத் தடையால் பால்மா கண்ணால் காண்பதற்கே அரிதாக இருந்தது. ஆனால் என்னைச் சுற்றி என் தாய், சின்னம்மா, மாமி, பக்கத்துக் கொட்டில் பெண்கள் என்று எப்போதும் நான்கைந்து பேர் இருந்தார்கள். 31 நாளும் நான் ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. ஒருவர் சரக்கு அரைப்பார். ஒருவர் துணி துவைப்பார். ஒருவர் பிள்ளையைக் காலில் போட்டு வார்ப்பார். நான் பால் கொடுப்பேன், உறங்குவேன். அது வறுமையின் காலம், மலேரியாவின் காலம். அதை நான் பொற்காலமாக்கிக் காட்டவில்லை. எங்களுக்கு நாலாவது கொட்டிலில் பிள்ளை பெற்ற ஒருத்தி பேச்சையே நிறுத்திவிட்டிருந்தாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் எல்லோரும், நானும்தான், சொன்னோம். ஆனாலும் உறக்கத்தைப் பொறுத்தவரை அந்தக் கொட்டிலில் எனக்குக் கிடைத்தது, கல்வீடும் மின்விசிறியும் உள்ள என் மகளுக்குக் கிடைக்கவில்லை.

2009இல் பன்னிரண்டு வயதில் எங்களோடு முள்ளிவாய்க்கால் வரை நடந்து, செட்டிகுளத்து முகாமில் வரிசையில் நின்றவள் அவள். அந்த வயதுப் பெண்பிள்ளைகள்தான் இப்போது வன்னியில் தாய்மார். அவர்களில் எத்தனையோ பேருக்குப் பேறு பார்க்கத் தாய் இல்லை. தாய் இருந்தாலும், அந்தத் தாயே தனியாளாய்க் குடும்பத்தை இழுக்கிறவளாக, விடியப்புறமே கூலிக்கோ கச்சான் வறுக்கவோ போகிறவளாக இருக்கிறாள். சின்னம்மாமார் கனடாவில், வீடியோவில் பிள்ளையைக் கொஞ்சலாம், துணி துவைக்க முடியாது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்கு 84 நாள் விடுமுறை முடியுமுன்னரே பாலை எப்படி நிறுத்துவது என்ற கவலை தொடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய், தாய்ப்பாலே சிறந்தது என்ற சுவரொட்டியைக் காட்டுவதால் மட்டும் என்ன பயன்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய எண்தான். அந்த 82 பேருடைய தாய்மார் எத்தனை மணி நேரம் உறங்கினார்கள் என்றும் யாராவது எண்ணினால் நல்லது.

எஞ்சிய 18 பேருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இக்கடிதம் ஒருபக்கம் சாய்ந்துவிடும். இங்கிலாந்தின் பிறிஸ்டல் பகுதியில் ஏறக்குறைய 14,000 பிறப்புகளைத் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வொன்றில், பாலூட்ட விரும்பி அதன்படியே ஊட்டியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மிகக் குறைவாகவும், பாலூட்ட விரும்பியும் முடியாமற் போனவர்களுக்கு மிகக் கூடுதலாகவும் இருந்தது. காம்பு வெடித்து, ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிற தாய்க்கு வேண்டியது, பிள்ளையை மார்பில் எப்படிச் சரியாகப் பிடிப்பது என்று பக்கத்தில் இருந்து காட்டுகிற ஒரு கை, அறிவுரை அல்ல. எவ்வளவு முயன்றும் முடியாதவருக்குப் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை, அதைக் கரைக்கும் வேலையையாவது வீட்டார் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் "பால் இருக்கோ?" என்று கேட்பதை நிறுத்தினாலே பாதிப் பாரம் குறையும். (வருகிறவர்கள் கொண்டுவந்த குழந்தைச் சவர்க்காரம் எங்கள் வீட்டில் இன்னும் பதினொரு கட்டி கிடக்கிறது. ஒருவராவது, தங்கச்சி, ஒரு மணித்தியாலம் படுத்தெழும்பு, பிள்ளையை நான் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பதினொன்றையும்விட அது பெறுமதி.)

பால்மாக் கம்பனிகள் தாய்மாருக்கு நேரடியாக விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவையை இலங்கை 1983ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. விளம்பரத்துக்குக் கதவடைத்த நாட்டில், பத்திரிகையின் பெண்கள் பக்கம் இலவசமாக அந்த வேலையைச் செய்துவிடக் கூடாது என்பதால், அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களை வேண்டிக்கொள்கிறேன். திருத்தத்தோடு இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒன்று, எங்கள் மிட்வைஃப் மிஸ் கேட்ட கேள்வி. அதை வாசிக்கிற மாமிமாரும் கணவன்மாரும் இன்றிரவே வீட்டில் கேட்கலாம். மற்றது, 1926 என்ற தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம். தனக்கோ பிள்ளைக்கோ ஏதும் செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வருகிறவரையும், யாருக்கும் கேட்காத குரல்கள் தனக்குக் கேட்பதாகச் சொல்கிறவரையும் தொலைபேசியோடு நிறுத்தாமல், தனியே விடாமல், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும் என்பதையும் அதன் கீழ் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

பேத்திக்கு இப்போது பல் முளைக்கிறது. மகள் இக்கடிதத்தை வாசித்து, ஊர்ப் பெயரைப் போடலாம், தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
விசுவமடு.